குளிர்காலத் தேனீ ஓகஸ்டில் பிறக்கிறது

மார்ச் கடைசியில் ஒருநாள் வெப்பநிலை பத்துப் பாகையைத் தொட்டது. வேலியோரம் பனி கரைந்து வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒக்ரோபரில் மூடிய தேன்பெட்டியின் மேல்மூடியை அன்றுதான் கழற்றினேன். தேன் வாசனை குப்பென்று வந்தது; சத்தம் மட்டும் இல்லை. சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். ஓரத்துச் சட்டங்களில் தேன் அப்படியே இருந்தது, மெழுகு மூடிகூட உடையவில்லை. நடுவில் இரண்டு சட்டங்களுக்கிடையில், என் உள்ளங்கையால் மறைத்துவிடக்கூடிய ஒரு சிறு திரள். சில தேனீக்கள் தலையை அறைக்குள் விட்டபடி இறந்துகிடந்தன. அவற்றின் நடுவே இராணி, முதுகில் அடையாளப் புள்ளியுடன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, "குளிர் தாங்கேலாமல் செத்துப்போச்சுதுகளோ, பிள்ளை?" என்று கேட்டார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பெட்டி இருந்தது ரொறொன்ரோவுக்கு வடகிழக்கே ஒரு நண்பரின் பண்ணையில். அப்போதைய ஒன்ராறியோ தேனீச் சட்டப்படி, பக்கத்துக் காணியில் வீடு இருந்தால் எல்லையிலிருந்து 30 மீற்றர் தள்ளித்தான் பெட்டி வைக்க முடிந்தது; நகரத்து வளவுகளில் அதற்கு இடம் ஏது. அந்தப் பக்கத்தில் நெடுங்காலமாகத் தேனீ வளர்க்கும் முதியவர் ஒருவர் என் பெட்டியின் சட்டம் ஒன்றை வாங்கி, வெயிலுக்கு நேரே சரித்துப் பிடித்தார். புழு வளர்ந்த அறைகளின் மேற்கூரையில் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள், சீனி ஒட்டியதுபோல. வரோவா உண்ணியின் எச்சம் அது. பனி விழுவதற்கு முன்பே இந்தக் கூட்டம் நோயாளியாகிவிட்டது, ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும்தான் இது செத்தது என்று அவர் விளக்கினார். நானோ நவம்பரில் பெட்டிக்குக் கறுப்பு உறை சுற்றி, மூடி பறக்காமல் கல் வைத்து, ஆயத்தம் முடிந்தது என்று திரும்பியவன். அன்றிலிருந்து இந்த விடயத்தைப் படிக்கிறேன். புதிதாகத் தேனீ வளர்க்க வருகிறவர்களுக்கு இதை யாராவது முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை.

கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீ ஐந்தாறு கிழமைதான் வாழும். முதல் மூன்று கிழமை வீட்டுவேலை: அறை துப்புரவாக்கும், புழுவுக்கு ஊட்டும், மெழுகு சுரக்கும். பிறகு வெளிவேலை, பறந்து பறந்து சிறகு கிழிந்து எங்கோ விழுந்துவிடும். ஓகஸ்ட் நடுவிலிருந்து ஒக்ரோபர் வரை பிறப்பவை வேறு. அதே இராணியின் பிள்ளைகள்தான், ஆனால் ஆறு மாதம் வரை உயிர் வாழும். வெளியே பூ குறைந்து, உள்ளே ஊட்ட வேண்டிய புழுக்களும் குறைந்துவரும் நாட்களில் இவை பிறக்கின்றன. தின்ற மகரந்தத்தைப் பாலாகச் சுரந்து கொடுக்க வேண்டிய வேலை அதிகம் இல்லை. சத்து உடம்பிலேயே தங்கிவிடுகிறது. வயிற்றின் உட்புறத்தில் படலமாக ஒட்டியிருக்கும் கொழுப்புத் திசு இவற்றில் தடித்துக் காணப்படும். எங்களுக்கு ஈரல் எப்படியோ, தேனீக்கு அந்தத் திசு அப்படி. விற்றெலோஜெனின் என்ற புரதம் அங்கேதான் சேர்கிறது. பிற பூச்சிகளில் முட்டையின் மஞ்சட்கருவை ஆக்கும் அந்தப் புரதம், முட்டையிடாத வேலைக்காரத் தேனீக்கு உணவுச் சேமிப்பாகிறது, நோயைத் தாங்கும் பலமாகிறது, ஆயுளை நீட்டுகிறது. பெப்ரவரியில், வெளியே பச்சை என்று சொல்ல ஒன்றும் இல்லாதபோது, முதல் புழுக்களுக்குச் சுரக்கும் பால் இந்தச் சேமிப்பிலிருந்துதான் வருகிறது.

ஆகவே, குளிர்காலத்தைக் கடக்கப்போவது இன்று கோடைப் பூவில் மொய்க்கும் தேனீ இல்லை. அது ஒக்ரோபருக்குள் இறந்துவிடும். கடக்கப்போவது ஓகஸ்ட் கடைசியில் முட்டையாக இருக்கும் தேனீ. அதன் உடம்பில் கொழுப்பு ஏறுகிறதா என்பதே கேள்வி.

வெளியே 14 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் தேனீக்கள் நெருங்கித் திரளும். தனித் தேனீ 10 பாகையளவில் விறைத்துப்போகும்; கூடியிருந்தால் மைனஸ் இருபதையும் தாங்கும். திரளின் உள்ளே இருப்பவை, சிறகை அசைக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைத்துச் சூடு உண்டாக்குகின்றன. வெளிப்புறத்தில் இருப்பவை தலையை உள்ளே நீட்டி, கூரை ஓடு அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். குளிர் கூடக்கூடத் திரள் சுருங்கும். புழு இல்லாத நாட்களில் நடுப்பகுதி 20 பாகைக்கு மேல் இருக்கும். இராணி முட்டையிடத் தொடங்கியதும் அங்கே 34, 35 பாகை வேண்டும். வெளித்தோலில் 10 பாகையளவுதான். இத்தனைக்கும் விறகு தேன். பெட்டியின் மூலையில் ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்தால், வெளிக்குளிருக்குக் கிட்டத்தான் காட்டும். தேனீ பெட்டியைச் சூடாக்குவதில்லை, தன் கூட்டத்தைத்தான் சூடாக்குகிறது.

இந்தத் திரளை ஒரு சுகமான உறக்கம்போல எண்ணுவது வழக்கம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரெக் மிச்செல் 2023இல் வெளியிட்ட ஆய்வில் அதை மறுத்தார். வெளித்தோலில் இருக்கும் தேனீக்கள் கூட்டத்துக்குப் போர்வையாக இருப்பதில்லை, விறைத்துப்போகும் விளிம்பில் நின்று தவிக்கின்றன என்பது அவர் வாதம். காட்டில் தேனீ குடியிருப்பது தடித்த மரப்பொந்தில். நாம் கொடுப்பதோ 19 மில்லிமீற்றர் பலகை. எல்லா வளர்ப்பாளரும் அவரோடு உடன்படுவதில்லை. ஆனால் அந்தப் பலகையைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகு, காப்பு வேண்டும் என்று அவர் சொல்வது எனக்கு நியாயமாகவே படுகிறது.

இனி உண்ணிக்கு வருகிறேன், ஏனெனில் இங்கேதான் நான் தோற்றேன்.

வரோவா உண்ணி தட்டையாக நசுக்கிய கடுகு போல இருக்கும். செம்பழுப்பு நிறம், ஒன்றரை மில்லிமீற்றர் அகலம். புழு அறையை மெழுகால் மூடுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே நழுவிவிடும். மூடிய அறைக்குள், வளரும் தேனீயின் உடம்பைத் துளைத்து உண்டபடி முட்டையிடும். தேனீ வெளியே வரும்போது மகள்களோடு சேர்ந்து தானும் வரும். அது தேனீயின் இரத்தத்தைக் குடிக்கிறது என்றே பல ஆண்டுகள் பாடப்புத்தகங்கள் எழுதின. 2019இல் சாமுவேல் ராம்சியும் அவருடைய குழுவினரும் வளர்ந்த தேனீயில் அது முக்கியமாக உண்பது கொழுப்புத் திசுவை என்று காட்டினார்கள். குளிர்காலத் தேனீ எதை நம்பி ஆறு மாதம் வாழுமோ, அதையே உண்ணி தின்கிறது. போதாததற்குச் சிறகைச் சுருங்க வைக்கும் வைரசையும் உடம்பில் ஏற்றிவிடுகிறது.

இதன் பழைய வீடு ஆசியத் தேனீ இனம். வன்னிக் காட்டுப் பொந்துகளிலும் மார்த்தாண்டத்துத் தோட்டப் பெட்டிகளிலும் இருப்பது அந்த இனம்தான். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்ததில் ஆசியத் தேனீ தற்காப்புக் கற்றிருக்கிறது: உண்ணியால் ஆண் தேனீயின் அறைகளில் மட்டுமே பெருக முடிகிறது, வேலைக்காரத் தேனீயின் அறைகளில் முடிவதில்லை. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் பதினேழாம் நூற்றாண்டில் கப்பலில் வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த மேற்கத்தியத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடந்த நூற்றாண்டில் இரு இனங்களும் கிழக்காசியாவில் அருகருகே வளர்க்கப்பட்டபோது உண்ணி இதற்குத் தாவியது. 1987இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கனடாவுக்கும் வந்தது.

ஓகஸ்ட் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு எளிது. ஜூலையில் பெட்டி நிறையப் புழு அறைகள். உண்ணிகள் அவற்றுக்குள் பரந்து கிடக்கும். செப்டெம்பரில் இராணி முட்டையைக் குறைப்பாள், புழு அறைகள் சுருங்கும். உண்ணியின் தொகையோ அப்போதுதான் உச்சத்தில். அத்தனையும் மீதியிருக்கும் சில அறைகளுக்குள் நெருக்கியடித்துப் புகும். அந்த அறைகளில் இருப்பவைதான் குளிர்காலத் தேனீக்கள். 2010இல் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ஏர்னெஸ்ரோ குஸ்மான்-நொவோவா குழுவினர் ஒன்ராறியோவில் 408 கூட்டங்களைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வில், குளிர்கால மரணங்களில் 85 வீதத்துக்கு மேற்பட்டவை உண்ணியோடு தொடர்புடையவை என்று கண்டார்கள். 2021–22 குளிர்காலத்தில் கனடா முழுவதும் ஏறத்தாழ 45 வீதக் கூட்டங்கள் அழிந்தபோதும் வளர்ப்பாளர்கள் முதலில் சொன்ன காரணம் இதுவே.

இரண்டாம் ஆண்டு ஓகஸ்ட் முதற் கிழமை, முதியவர் பக்கத்தில் நிற்க, புதிய கூட்டத்தின் உண்ணிகளை எண்ணிப் பார்த்தேன். புழுச் சட்டம் ஒன்றை எடுத்து, அதில் இராணி இல்லை என்று இரண்டு தரம் உறுதிசெய்து, தேனீக்களை ஒரு தட்டத்தில் உதறி, அரைக் கோப்பை அள்ளினேன். அரைக் கோப்பையில் சுமார் 300 தேனீ. மதுசாரம் ஊற்றிய போத்தலில் போட்டு ஒரு நிமிடம் குலுக்கினால் உண்ணிகள் கழன்று அடியில் தங்கும். 300 உயிரைக் கொல்வது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஐசிங் சீனியில் உருட்டி, உயிரோடு திருப்பி விடும் முறையும் உண்டு. ஆனால் அதில் சில உண்ணிகள் தப்பிவிடும், கணக்குக் குறைத்துக் காட்டும். முப்பதாயிரம் தேனீயின் உயிர் அந்தக் கணக்கில் தங்கியிருப்பதால் நான் மதுசாரத்தையே தெரிந்தெடுத்தேன். போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கி எண்ணினேன். பதினேழு. ஓகஸ்டில் 300க்கு 9 உண்ணி, அதாவது மூன்று வீதம், வந்தாலே மருந்து போட வேண்டும் என்பது இங்குள்ள பொது வழிகாட்டல். பெட்டியைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. வாசலில் சந்தைபோலக் கூட்டம். முதல் ஆண்டும் இப்படித்தான் இருந்திருக்கும், நான் எண்ணவில்லை.

போமிக் அமிலப் பட்டைகள் வைத்தோம். அதன் ஆவி மெழுகு மூடியைக் கடந்து அறைக்குள்ளும் போகும் என்பது அதன் சிறப்பு. பகல் வெப்பம் 10க்கும் 29 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும், கூடினால் இராணிக்கே ஆபத்து. வேறு மருந்துகளும் உண்டு. அமிட்ராஸ் பட்டைகள் ஆறு முதல் எட்டுக் கிழமை உள்ளே இருக்க வேண்டும், தேன் எடுக்கும் அறை மேலே இருக்கும்போது வைக்கக் கூடாது. ஒக்ஸாலிக் அமிலம் மூடிய அறைக்குள் போகாது. ஆகவே புழுவே இல்லாத நவம்பரில் போட்டால்தான் முழுப் பலன், அதுவும் சுவாசக் கவசம் அணிந்துகொண்டு. மருந்து போட்டதோடு விட்டுவிடாமல் மறுபடியும் எண்ண வேண்டும். செப்டெம்பர் நடுவில் எண்ணியபோது இரண்டு இருந்தது.

ஓகஸ்ட் கடைசியில் இங்கே தரிசு நிலமெல்லாம் கோல்டன்றொட் மஞ்சளாகப் பூக்கும், பின்னால் ஊதா நிறத்தில் அஸ்ரர். அந்தத் தேன் பெட்டிக்குள் முதிரும்போது ஊறிய சாக்குப் போல ஒரு வாடை அடிக்கும். முதல் தடவை பழுதாகிவிட்டதோ என்று பயந்தேன். அந்தக் கடைசித் தேனை எடுப்பவர்கள் உண்டு. நான் எடுப்பதில்லை. மருந்துக்குரிய நேரத்தைத் தேனுக்காகத் தள்ளிப்போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு என்று எனக்குத் தோன்றுகிறது, அந்தத் தேன் குளிர்காலத்தில் அவற்றுக்கே வேண்டியதும்கூட.

எவ்வளவு வேண்டும்? இந்தக் குளிருக்கு 27 முதல் 40 கிலோ வரை. பெரிய சட்டம் ஒன்று இருபக்கமும் நிறைந்திருந்தால் இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். ஒவ்வொரு சட்டமாக எண்ணலாம். எனக்குப் பிடித்த வழி வேறு. ஊருக்குப் போகும்போது பயணப்பெட்டி நிறுக்க வாங்கிய கொளுக்கித் தராசு எல்லார் வீட்டிலும் கிடக்கிறது. அதைத் தேன்பெட்டியின் அடித்தட்டில் மாட்டி ஒரு பக்கத்தை ஒரு விரலளவு தூக்கிப் பார்க்கவும், பிறகு மறு பக்கத்தை. இரண்டையும் கூட்டினால் மொத்தப் பாரம். வெறும் பெட்டியின் பாரத்தை முன்பே எழுதி வைத்திருந்தால் மீதி தேனும் தேனீயும். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் திகதியோடு எழுதி வருகிறேன்.

குறைந்தால் சீனிப்பாகு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு கிலோ வெள்ளைச் சீனி. தண்ணீரைச் சுடவைத்து அடுப்பை அணைத்த பிறகு சீனியைக் கரைக்க வேண்டும். பாகு காய்ந்து கருகினால் உண்டாகும் பொருள் தேனீக்கு நஞ்சு. பனங்கட்டியும் சர்க்கரையும் எங்களுக்கு நல்லவை, அவற்றுக்கு ஆகாது. தேனீ பெட்டிக்குள் கழிப்பதில்லை. வெளியே பறக்க முடியாத கிழமைகளில் எல்லாவற்றையும் பின்குடலில் அடக்கி வைத்திருக்கும். வெல்லத்தில் உள்ள செரிக்காத உப்புக்கள் அந்தக் குடலை நிரப்பி, பெட்டிக்குள்ளேயே பேதியாகிவிடும். செப்டெம்பர் நடுவில் கொடுக்கத் தொடங்கி ஒக்ரோபர் முற்பகுதியில் முடித்துவிட வேண்டும். பாகில் உள்ள தண்ணீரை அவை சிறகால் விசிறி வற்றச்செய்து மூடி போடுவதற்கு வெயில் நாட்கள் தேவை.

சில சிறு வேலைகள் அந்த நாட்களில் சேர்ந்தே வரும். இராணி மேலே போகாமல் தடுக்கும் கம்பித் தட்டை மறவாமல் எடுத்துவிட வேண்டும்: திரள் தேனைத் தேடி மேலே ஏறும்போது இராணி கீழே தனியாக மாட்டி விறைத்துவிடுவாள். வாசலுக்கு ஒக்ரோபரிலேயே எலித்தடை. பத்து மில்லிமீற்றர் இடைவெளிகூட வேண்டாம். எலி உள்ளே வந்து அடையைக் கடித்துக் கூடு கட்டிவிட்டால் தேனீயால் ஒன்றும் செய்ய முடியாது. தேனீக்கள் சட்டங்களை மூடாத அளவுக்குக் கூட்டம் சிறிதாக இருந்தால், நடுவில் ஒரு செய்தித்தாள் விரித்து இன்னொரு கூட்டத்தோடு சேர்த்துவிடுவது நல்லது. தாளைக் கடித்து முடிப்பதற்குள் இரண்டின் வாசனையும் கலந்துவிடும், சண்டை வராது. இலையுதிர்காலத்தில் வாசலில் வேலைக்காரத் தேனீக்கள் ஆண் தேனீக்களை இழுத்து வெளியே தள்ளுவதைப் பார்த்தால் பதற வேண்டாம், அது அவற்றின் வழக்கம்.

இனித் தண்ணீர். குளிரைவிட ஈரம் கொடியது என்று முதியவர் சொன்னதை நான் அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை. தேனில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். மீதிச் சீனி எரியும்போது ஒரு கிலோவுக்கு 600 கிராம் தண்ணீர் பிறக்கும். இரண்டையும் கூட்டினால் ஒரு கிலோ தேன் தின்று முடியும்போது ஏறத்தாழ 670 கிராம் தண்ணீர் ஆவியாக வெளிப்படும். குளிர்காலத்தில் 15 கிலோ தின்றால் பத்து லீற்றர்: ஒரு குடம். வெதுவெதுப்பான அந்த ஆவி மேலே எழுந்து குளிர்ந்த மூடியில் பட்டால், சோற்றுப் பானை மூடியில் போலத் துளித்துளியாகத் திரண்டு, நேரே திரளின் தலையில் சொட்டும். நனைந்த தேனீயால் சூடேற முடியாது.

ஆகவே காப்பை முதலில் மேலே வைக்க வேண்டும். உள்மூடிக்கும் மேல்மூடிக்கும் இடையில் தடித்த நுரைப்பலகை ஒன்றை வைத்தால், பெட்டியில் மிகக் குளிர்ந்த இடம் கூரையாக இராமல் பக்கச் சுவராகிவிடும். நீர் சுவர் வழியே வழிந்து போகும். மேலே பெருவிரல் நுழையும் ஒரு துவாரம் ஈரக் காற்றை வெளியே விடும். கீழ் வாசலைப் பனியோ இறந்த தேனீக்களோ அடைத்துவிட்டால் வழியாகவும் அதுவே உதவும். பெட்டியை முன்பக்கம் கொஞ்சம் சரித்து வைத்தால் தேங்கும் நீர் வாசலால் ஓடும். அதற்குப் பிறகுதான் சுற்றிக் கட்டும் கறுப்பு உறை, நான் முதல் ஆண்டில் முழுமையாக நம்பிய உறை. காற்றை மறிக்கும், வெயிலைக் கொஞ்சம் பிடிக்கும். அதுவும் வேண்டும். வடமேற்குக் காற்றுக்கு வைக்கோல் கட்டுகளை அடுக்கி மறைத்தேன்.

நவம்பர் கடைசிக்குப் பிறகு திறப்பதில்லை. ஜனவரியில் முழங்காலளவு பனியில் நடந்துபோய், தொப்பியைக் கழற்றி, பலகையில் காதை வைத்தேன். விரலால் ஒரு தட்டு. உள்ளே சர்ரென்று ஒரு அலை எழுந்து, இரண்டு மூச்சில் அடங்கியது. பெப்ரவரியில் வெயிலடித்த ஒரு நாள் அவை வெளியே வந்து வட்டமடித்தன. பெட்டிக்கு முன்னால் பனி முழுவதும் மஞ்சள் பொட்டுகள். கிழமைக்கணக்காக அடக்கி வைத்திருந்ததை அன்று இறக்கின. சில தேனீக்கள் பனியிலேயே விழுந்து இறந்தன. முதல் ஆண்டாக இருந்தால் பதறியிருப்பேன்.

அதன் பிறகுதான் மிக ஆபத்தான நாட்கள். புழு வளர்ப்பதற்கு நடுப்பகுதியை 34 பாகையில் வைத்திருக்க வேண்டியதால் தேன் வேகமாகக் கரையும். புழுவை விட்டு நகரவும் மாட்டா. ஒரு சாண் தள்ளித் தேன் இருக்கப் பட்டினியில் சாகும் கூட்டங்கள் இருக்கின்றன. மார்ச்சில் தராசைக் கொளுவிப் பார்த்தபோது ஒக்ரோபர்ப் பாரத்திலிருந்து 17 கிலோ குறைந்திருந்தது. சட்டங்களின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, காய்ந்த சீனியைக் குவித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து உடனே மூடினேன்.

ஏப்ரலில் ஓடைக்கரை வில்லோ மரங்கள் பூத்தன. வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு ஒரு தேனீ தடுமாறி இறங்கியது. சிறகின் ஓரம் கிழிந்து நூலாகியிருந்தது. புதிதாகப் பிறந்த தேனீயின் சிறகு அப்படி இருக்காது. அது செப்டெம்பரில் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும்.